சிவப்புக் கட்டத்தில் இருக்கிற மருந்தை ஏன் கொடுக்கிறீர்கள், சிஸ்டர்?

வாசகர் கேள்வி:

குழந்தைகள் மனநலப் பிரிவில் மூன்று வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். சில மாதங்களாக எங்கள் பிரிவில் சில குழந்தைகளுக்கு மருந்து தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். போன வாரம் ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) உள்ள எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அதற்கான மருந்தான அட்டோமாக்ஸெட்டினைத் தொடங்கினோம். அவன் அம்மா ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "இதில் சிவப்புக் கட்டத்தில் போட்டிருக்கிற மருந்தையே என் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள், சிஸ்டர்?" என்று கேட்டார். அதில் "2டி6 புவர் மெட்டபாலைசர்" என்று இருந்தது. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். வெட்கமாக இருந்தது. கல்லூரியில் மரபியல் என்று ஒரே ஒரு அத்தியாயம் படித்ததோடு சரி. நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? இதற்கென்று தனியாக ஒரு படிப்பு படித்தால்தான் இனி இந்த வேலையில் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்:

"டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டீர்களா, திரும்பப் போய்ச் சொன்னீர்களா என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. இன்னும் போகவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் போங்கள். அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

சிஒய்பி2டி6 என்பது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. வார்டில் எல்லோரும் சொல்வதுபோல 2டி6 என்றே வைத்துக்கொள்வோம். அட்டோமாக்ஸெட்டினைச் சிதைத்து வெளியே அனுப்பும் வேலையில் பெரும்பங்கு இதனுடையது. இந்த நொதிக்கான மரபணு நம்மில் பெரும்பாலோரிடம் அம்மா வழியில் ஒன்றும் அப்பா வழியில் ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக இருக்கும். இந்தப் பையனிடம் இரண்டுமே வேலை செய்யவில்லை. இப்படி மருந்தை மிக மெதுவாகச் சிதைப்பவரைத்தான் புவர் மெட்டபாலைசர் என்கிறார்கள். அதனால் மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதே டோஸை இவனுக்குக் கொடுத்தால், இவன் உடம்பு சந்திக்கும் மருந்தின் அளவு ஏறக்குறைய 10 மடங்கு ஆகிறது. மற்றவர்களுக்கு சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து, இவனுக்குப் பாதியாகக் குறைய 20 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பு இவனைப் போன்ற குழந்தைகளுக்கு மருந்தே கொடுக்காதே என்று சொல்லவில்லை, ஏற்றுவதை மெதுவாகச் செய் என்றுதான் சொல்கிறது. 70 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொடக்க டோஸ் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். மற்றக் குழந்தைகளுக்குக் குறைந்தது மூன்று நாள் கழிந்ததும் 1.2 வரை ஏற்றலாம். புவர் மெட்டபாலைசர் என்று தெரிந்த குழந்தைக்கு நான்கு வாரம் காத்திருந்து, அறிகுறிகள் குறையாமலும் மருந்து ஒத்துக்கொண்டும் இருந்தால் மட்டுமே ஏற்ற வேண்டும். சிலருக்கு அந்தச் சின்ன டோஸே போதுமானதாக இருந்துவிடலாம். ஆக, அந்தச் சிவப்புக் கட்டம் "இவனுக்கு இது சேராது" என்று சொல்லவில்லை, "இவனிடம் இது அதிக நேரம் தங்கும்" என்றுதான் சொல்கிறது. அந்த அம்மாவிடம் இதை இப்படியே சொல்லலாம்: "உங்கள் பையன் உடம்பு இந்த மருந்தை மெதுவாக வெளியே அனுப்புகிறது. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறோம், ஏற்றுவதற்கும் அவசரப்பட மாட்டோம்." இப்படிச் சொல்லும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். டோஸ் உண்மையிலேயே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறதா, மூன்றாம் நாள் ஏற்றச் சொல்லிப் பழக்கத்தில் ஓர் உத்தரவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதனை முடிவு கோப்பின் ஒரு மூலையிலும் மருந்து உத்தரவு இன்னொரு மூலையிலும் ஒன்றையொன்று பார்க்காமல் கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் பெரும்பாலும் மருந்து கொடுக்கப் போகும் செவிலியருடையதுதான்.

மரபணுவைப் பற்றி எழுதிக்கொண்டே வந்து எதற்கு மணிக்கணக்கில் இறங்குகிறேன் என்று தோன்றலாம். செவிலியர் வேலை அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது. ஒரு மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். அதைப் போல சுமார் ஐந்து மடங்கு நேரம் போனால்தான் ரத்தத்தில் அதன் அளவு நிலைப்படும். 5 மணி நேர அரை ஆயுள் உள்ள குழந்தைக்கு ஒரே நாளில் அது நடந்துவிடும். இந்தப் பையனுக்கு நான்கைந்து நாள் ஆகும். முதல் நாளும் இரண்டாம் நாளும் அவன் நன்றாக இருந்தான் என்று நீங்கள் எழுதுவது உண்மையாகவே இருக்கும், ஆனால் அப்போது மருந்து இன்னும் முழு உயரத்துக்கு வந்திருக்காது. அது வரும் நாளில் பையன் வீட்டில் இருப்பான். அதனால் எந்தெந்த நாளில் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதை அம்மாவிடம் சொல்லி அனுப்பவேண்டியது நீங்கள். பசி குறைவது, எடை இறங்குவது, தூக்கம் வராமல் போவது அல்லது நடுராத்திரியில் விழித்துக்கொள்வது, மலச்சிக்கல், கை நடுக்கம், மனம் சோர்ந்துபோவது, எழுந்து நிற்கும்போது மயக்கம் வருவது ஆகியவை மெதுவாகச் சிதைக்கும் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எல்லோருக்கும் பார்ப்பதுதான், இவனுக்கு டோஸ் மாற்றிய ஒரு வாரம் கழித்தும் பாருங்கள். தற்கொலை எண்ணம் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் பெட்டி போட்டு அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) இந்த மருந்துக்கு எல்லாக் குழந்தைகளின் விஷயத்திலும் உண்டு. எட்டு வயதுதானே என்று அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் பதிவானது. ஒன்பது வயதுச் சிறுவன். ஏடிஹெச்டி, ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்), டூரெட் (தன்னையறியாமல் உடல் துடிப்பும் ஒலியும் வரும் நோய்) மூன்றும் இருந்தன. மெத்தில்ஃபெனிடேட், குளோனிடின், ஃப்ளுவாக்ஸெட்டின் மூன்றும் எடுத்துவந்தான். சுமார் பத்து மாதம் அவனுக்கு வயிற்றுக் கோளாறு, லேசான காய்ச்சல், நடை தடுமாற்றம், குழப்பம் என்று வந்து வந்து போயிருக்கிறது. கடைசியில் வலிப்பு வந்தது, அது நிற்கவில்லை, இதயம் நின்று இறந்துபோனான். உடற்கூறு ஆய்வில் அவன் ரத்தத்திலும் மூளையிலும் ஃப்ளுவாக்ஸெட்டின் அளவுக்கு மீறித் தேங்கியிருந்தது தெரிந்தது. மருந்து பெற்றோர் கையில் இருந்ததால், அவனைத் தத்தெடுத்து வளர்த்த அந்தப் பெற்றோர்மீதே விசாரணை வந்தது. பிறகு திசுவை எடுத்து மரபணு பார்த்தபோதுதான் ஃப்ளுவாக்ஸெட்டினைச் சரியாகச் சிதைக்க முடியாத குறை 2டி6 பகுதியில் அவனுக்கு இருந்தது வெளிப்பட்டு, விசாரணை கைவிடப்பட்டது.

ஒரு குழந்தையின் கதையை வைத்து விதி எழுதிவிட முடியாது. மரபணு பார்த்து டோஸ் சொல்லும் வழிகாட்டிகளை வெளியிடும் பன்னாட்டுக் குழு ஒன்று இருக்கிறது, சுருக்கமாக சிபிக் என்பார்கள். 2டி6 பார்த்து ஃப்ளுவாக்ஸெட்டின் டோஸை மாற்றச் சொல்லும் பரிந்துரை எதையும் அது தன் 2023 வழிகாட்டியிலும் தரவில்லை. நான் அந்தச் சிறுவனை நினைப்பது அந்தப் பத்து மாதத்துக்காக. வயிற்று வலி, காய்ச்சல், தடுமாற்றம் என ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் வரக்கூடியது. எல்லாவற்றையும் ஒரே தாளில் தேதி வாரியாக எழுதி, பக்கத்தில் மருந்தின் டோஸையும் எழுதிப் பார்ப்பது ஒரு செவிலியரால் செய்யக்கூடிய வேலை. அதற்கு மரபணு ரிப்போர்ட் கூட வேண்டியதில்லை.

அடுத்தது, என்னைக் கேட்டால் மிக முக்கியமானது: ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்த குழந்தையைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். ஃப்ளுவாக்ஸெட்டின் 2டி6 நொதியை அப்படியே அமுக்கிவிடும். பாராக்ஸெட்டினும் ப்யூப்ரோப்பியானும் அதையே செய்யும். மரபணுப்படி நார்மலான ஒரு குழந்தை ஃப்ளுவாக்ஸெட்டின் எடுத்துக்கொண்டிருக்கும்போது அட்டோமாக்ஸெட்டினையோ அரிப்பிபிரசோலையோ ரிஸ்பெரிடோனையோ சேர்த்தால், அந்தக் குழந்தையின் கல்லீரல் கிட்டத்தட்ட உங்கள் எட்டு வயதுப் பையனின் கல்லீரலைப் போல நடந்துகொள்ளும். காகிதத்தில் பச்சை, உடம்பில் சிவப்பு. ஃப்ளுவாக்ஸெட்டினை நிறுத்தினாலும் இது உடனே தீராது. அதுவும் அதிலிருந்து உடம்பில் உருவாகும் பொருளும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். "பழைய மருந்தை நிறுத்திப் பத்து நாள் ஆயிற்று" என்று ஒரு பெற்றோர் சொன்னால், எந்த மருந்து என்று கேளுங்கள். ஃப்ளுவாக்ஸெட்டின் என்றால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

அதனால் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே கேட்கவேண்டியது, இந்தக் குழந்தை வேறு என்னென்ன எடுக்கிறது என்பது. வெறுமனே "வேறு மருந்து ஏதாவது உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இருமல் சிரப் யாருக்கும் மருந்தாகத் தோன்றுவதில்லை. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள சிரப் 2டி6 வழியாகத்தான் சிதைகிறது, அது செரட்டோனினையும் தொடுகிறது. எஸ்எஸ்ஆர்ஐ மருந்து (ஃப்ளுவாக்ஸெட்டின் போல, மூளையில் செரட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்து) எடுக்கும் குழந்தைக்கு அதைக் கொடுத்து, வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, பதற்றம், தசை துள்ளல் என்று வந்தால் அதைச் சளிக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவது சுலபம். மூலிகை மாத்திரை, தூக்கத்துக்கு என்று வாங்கியது, அண்ணனுக்கு எழுதியதில் மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வளரிளம் பருவத்தினரிடம் பெற்றோர் இல்லாத நேரத்தில் சிகரெட் பற்றிக் கேளுங்கள். புகை 1ஏ2 என்ற இன்னொரு நொதியைத் தூண்டி, மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபினையும் ஓலான்சபினையும் வேகமாக வெளியேற்றும். வார்டில் சேர்ந்து புகை நின்றதும் அதே டோஸில் மருந்தின் அளவு ஏறிவிடும். இதற்குக் காரணம் புகைதான், நிக்கோட்டின் இல்லை, அதனால் நிக்கோட்டின் பட்டை ஒட்டினாலும் ஏறத்தான் செய்யும்.

என் பங்குக்கு ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் பதட்ட நோய்க்காகச் சேர்ந்திருந்த ஒரு பெண் குழந்தைக்கு எஸ்சிடலோப்ராம் தொடங்கியிருந்தார்கள். இரவு டியூட்டியில் மூன்று ராத்திரி அவள் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள். உட்கார் என்றால் உட்கார்ந்து, ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவாள். மூன்று ராத்திரியும் நான் "பதட்டம் அதிகம், ஆறுதல் கூறப்பட்டது" என்று எழுதினேன். நான்காம் நாள் காலையில் வந்த மூத்த சிஸ்டர் என் குறிப்பைப் படித்துவிட்டு, "மருந்து தொடங்கும் முன் இப்படி நடந்தாளா?" என்று மட்டும் கேட்டார். நடக்கவில்லை. அது நோய் இல்லை, மருந்து கொடுத்த தவிப்பு. டோஸைக் குறைத்ததும் அடங்கியது. அன்று அங்கே மரபணுப் பரிசோதனை கிடையாது. இன்று அதே மருந்துக்கு 2சி19 என்ற மரபணுவைப் பார்க்கிறோம். அது புவர் என்று வந்தால் குறைந்த டோஸில் தொடங்கி மெல்ல ஏற்றவோ, அந்த வழியை அவ்வளவாக நம்பாத வேறு மருந்தை எடுக்கவோ சிபிக் சொல்கிறது. ரிப்போர்ட் இருந்திருந்தால் என் கண் முதல் ராத்திரியே திறந்திருக்கலாம். திறக்காமலும் போயிருக்கலாம். "பதட்டம் அதிகம்" என்று எழுதிப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

மருந்தால் வரும் இந்தத் தவிப்பும் கிளர்ச்சியும் குழந்தைகளிடம் அதிகம். எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளுக்குக் குழந்தைகள் விஷயத்தில் தற்கொலை எண்ணம் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004 இல் கொண்டுவந்து, 2007 இல் 24 வயது வரை நீட்டியது. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் டோஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் கண் விழித்திருக்க வேண்டும். 2சி19 நார்மல் என்று வந்த குழந்தைக்கும் இது குறையாது.

இனி ரிப்போர்ட்டால் முடியாதது. எந்த மருந்து இந்தக் குழந்தைக்கு வேலை செய்யும் என்று அது சொல்லாது. மருந்து உடம்பை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது ஒரு கேள்வி, அது மனச்சோர்வைக் குறைக்குமா என்பது வேறு கேள்வி. பெற்றோர் இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறார்கள், பரிசோதனை விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களும் அந்தக் குழப்பத்தைக் கலைக்க விரும்புவதில்லை. மருந்து பலிக்குமா என்று கணிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பல பரிசோதனைகளுக்கு ஆதாரம் இல்லை என்று உணவு மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. குழந்தைகளுக்கு மனநல மருந்தைத் தேர்வு செய்ய இந்தப் பரிசோதனைகளைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை, வளரிளம் பருவ மனநல மருத்துவக் கழகம் 2020 இல் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. மனச்சோர்வு உள்ள வளரிளம் பருவத்தினரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மரபணு பார்த்தும் மறு பாதிக்கு வழக்கம்போலவும் மருந்து கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2022 இல் வெளியானது. இரு பக்கமும் குணமானதில் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் உங்கள் பிரிவில் செய்வது வீண் வேலையா? அப்படி நான் நினைக்கவில்லை. டோஸை எவ்வளவில் தொடங்குவது, எவ்வளவு மெதுவாக ஏற்றுவது, எதற்குக் காத்திருப்பது என்பதில் இது உதவுகிறது, அட்டோமாக்ஸெட்டினைப் பற்றி மேலே பார்த்தோம். ஆனால் ரிப்போர்ட்டின் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள். 2டி6, 2சி19 பக்கத்தில் மெத்தில்ஃபெனிடேட்டுக்கும் ஒரு கட்டம் இருக்கும், அதில் ஏதோ மூளை மரபணுவின் பெயர் இருக்கும். மெத்தில்ஃபெனிடேட்டை இந்த இரண்டு நொதிகளும் சிதைப்பதில்லை, மரபணு பார்த்து அதன் டோஸை மாற்றச் சொல்லும் சிபிக் வழிகாட்டியும் கிடையாது. ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தால் அந்த மரபணுவுக்கும் மருந்துக்கும் சிபிக் வழிகாட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தால் பேசலாம், இல்லையென்றால் கலரைப் பார்த்து மருந்தை மாற்றச் சொல்ல ஒன்றுமில்லை.

இதெல்லாம் பொருந்தாத ஒரு விதிவிலக்கு கார்பமசெபின். வலிப்புக்கும் சில குழந்தைகளுக்கு மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் தருகிறார்கள். இங்கே விஷயம் மருந்து சிதையும் வேகத்தைப் பற்றியதே அல்ல. ஹெச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தால், தோலும் வாயும் கண்ணும் வெந்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ஆசிய வம்சாவளியினரிடம் இந்த வகை அதிகம் காணப்படுவதால், மருந்து தொடங்கும் முன்பே அவர்களுக்கு இதைப் பார்க்கச் சொல்லி அமெரிக்காவில் 2007 இல் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது. மருந்தை முன்பு எடுத்திராத குழந்தைக்கு முடிவு பாசிட்டிவ் என்றால் டோஸைக் குறைத்துத் தொடங்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் வேலை ஒன்றுதான்: முடிவு கைக்கு வராமல் முதல் மாத்திரை போகக்கூடாது. "நாளைக்கு ரிப்போர்ட் வந்துவிடும், இன்றைக்குத் தொடங்கிவிடலாம்" என்று யார் சொன்னாலும் நிறுத்திக் கேளுங்கள். நெகட்டிவ் என்று வந்தாலும் வேறு காரணத்தால் தடிப்பு வரலாம். முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு என்றால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாதிரி எடுப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் கன்னத்தின் உள்பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்ப்பதுதான். அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடாமல் குடிக்காமல் இருக்கச் சொல்ல வேண்டும், பெயரையும் பிறந்த தேதியையும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: இந்தக் குழந்தைக்கு எலும்பு மஜ்ஜையோ கல்லீரலோ மாற்றியிருக்கிறார்களா? மஜ்ஜை மாற்றியிருந்தால் ரத்தத்தில் இருப்பது கொடுத்தவரின் மரபணு. கல்லீரல் மாற்றியிருந்தால் ரத்தம் குழந்தையுடையது, மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் வேறொருவருடையது.

"நார்மல்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஆய்வகம் தேடிய மாற்றங்கள் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். தேடாதது இருந்தால் தெரியாது. பழைய ரிப்போர்ட்டில் இன்னொரு சங்கதி உண்டு. 2டி6 மரபணுவுக்கு மதிப்பெண் போட்டு வகைப்படுத்தும் முறையை 2019 இல் ஒன்றுபடுத்தினார்கள். முன்பு நார்மல் என்றிருந்த சிலர் அதன்படி இடைநிலைக்கு வந்துவிட்டார்கள். மரபணு மாறவில்லை, பெயர்தான் மாறியது. அதனால் கோப்பில் எழுதும்போது "நார்மல்", "புவர்" என்று மட்டும் எழுதாமல், நட்சத்திரக் குறியோடு வரும் அந்த எண்களையும் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

ஒப்படைப்புக் குறிப்பில் "மரபணுப் பரிசோதனை முடிந்தது" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. உங்கள் பையனுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "2டி6 புவர். அட்டோமாக்ஸெட்டின் கிலோவுக்கு 0.5, நான்கு வாரத்துக்கு முன் ஏற்ற வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து தூக்கம், பசி, நாடி, மனநிலை பார்க்கவும். கோடீன், டிராமடால் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்கவும்." கடைசி வரி எதற்கு என்று கேட்பீர்கள். வலி மருந்தான கோடீனை உடம்பில் மார்ஃபினாக மாற்றுவதும் இதே 2டி6 தான். புவர் என்றால் கோடீன் கொடுத்தும் வலி குறையாது, குழந்தை நடிக்கிறது என்று நினைப்பார்கள். நேர்மாறாக, மிக வேகமாக மாற்றும் குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம். 12 வயதுக்குக் கீழ் கோடீனே கூடாது என்று அமெரிக்காவில் 2017 இல் எச்சரிக்கை வந்ததற்கு அப்படிப்பட்ட மரணங்களும் காரணம். மனநலப் பிரிவில் எடுத்த முடிவு நாளை பல் பிடுங்கும் இடத்திலும் அறுவை அரங்கிலும் தேவைப்படும். ஒரு பிரதியைப் பெற்றோர் கையில் கொடுத்து, எங்கே போனாலும் காட்டச் சொல்லுங்கள்.

குழந்தையிடமும் பேச வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எட்டு வயதுப் பையன் தன் தலைக்கு மேலே "புவர்" என்ற சொல் பறப்பதைக் கேட்கிறான். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். என்னிடம் ஒரு குழந்தை, "என் ஜீன் ஃபெயிலா?" என்றே கேட்டிருக்கிறது. "உன் உடம்பு மருந்தை மெதுவாகச் சாப்பிடுகிறது, அதனால் உனக்குக் கொஞ்சமாகக் கொடுத்தாலே போதும்" என்றேன். சிரித்தது. இந்தப் பரிசோதனை அவனுக்கு என்ன நோய் என்று சொல்லவில்லை, அவன் அறிவைப் பற்றியும் குணத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்பதைப் பெற்றோருக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்து, "இது உன் பக்கத்திலிருந்துதான்" என்று தொடங்குவதும் உண்டு. புவர் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று வந்திருக்கிறது. சண்டை போட வழியே இல்லை. தம்பி தங்கைக்கும் இதே முடிவு இருக்க வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். அதற்காக இப்போதே ஓடிப்போய் அவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை.

தனிப் படிப்பு வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பிடித்திருந்தால் படியுங்கள், பயத்தில் படிக்காதீர்கள். உங்கள் பிரிவில் அடிக்கடி எழுதும் ஏழெட்டு மருந்துகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நொதி வழியாகப் போகிறது, அரை ஆயுள் எவ்வளவு, எந்த மருந்து அதை அமுக்கும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் இருக்கும் மருந்தாளுநரிடம் வாரத்துக்கு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இந்த விஷயத்தில் நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரியும், ஆனால் யாரும் அவரிடம் போய்க் கேட்பதில்லை.

சரி, அந்த அம்மாவைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். தூக்கம், சாப்பாடு, மனநிலை என்று மூன்று பத்தி போட்டு, எந்தத் தேதியிலிருந்து கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று நீங்களே ஒரு கோடு கிழித்துக் கொடுங்கள். அப்புறம் பையனைத் தராசில் நிறுத்தி, இன்றைய எடையை முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். டோஸைக் கிலோ கணக்கில் எழுதியிருக்கிறார்கள், இறங்கினாலும் ஏறினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.